மடிச்சூட்டில் வந்த ரத்தம்

ராத்திரி ஒன்பது இருக்கும். அன்னவாசல் ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. தூறல் வேறு... லேபில் ஹஃப்சா ஒற்றையாக இருந்தாள். நம்ம அஜ்மலோட மதினிதான். அவளுக்கு நடந்தது இது. விளக்கைக் குறைக்காதீங்க, சொல்றேன்.

மருதாயி நனைந்துகொண்டே வந்தாள். அவள் மகள் அழகிக்கு இடது தொடை எலும்பு முறிந்து, மாசக்கணக்காகக் கூடவில்லை. எலும்பு வளர்ந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் தெரியும். தெரியாவிட்டால் மறுபடி ஆபரேஷன். அந்த நோஞ்சான் உடம்பு அதைத் தாங்காது.

ஆஸ்பத்திரி வார்டில் பிள்ளையின் ரத்தத்தை வைத்துக் கொடுத்த ஐஸ் பெட்டியை ஹஃப்சா திறந்தாள். ஐஸ் மட்டும்தான் இருந்தது.

"டியூப் எங்கக்கா?"

"மடியில இருக்கு தாயி. பிள்ளை ரத்தம்... குளுருமேன்னு எடுத்து வச்சுக்கிட்டேன்."

உடம்புக்கு வெளியே சூடு பட்டால் அந்தப் புரதம் சிதைந்துவிடும். திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் ஒரு தாயை, அந்த மழையில்... எப்படி? துவட்டத் துண்டு கொடுத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"பார்க்கிறேன்க்கா. சரியா வரலேன்னா நானே வார்டுக்கு வந்து இன்னொருதரம் எடுத்துக்கிறேன்."

பிஸ்மி சொல்லி, சோதனைத் தட்டின் குழிகளில் ரத்தத்தின் தெளிநீரைச் சொட்டு சொட்டாக விட்டாள். புரதம் இருந்தால் குழி நீலமாகும். ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இருப்புக் கொள்ளாமல் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால்... நீலம். ஓடியாடுகிற பிள்ளைகள் ரத்தத்தில்கூட அவள் பார்க்காத கருநீலம்.

ஸ்பிரிட் நெடிக்கு நடுவே தேங்காயெண்ணெய் வாடை. பக்கத்தில் எங்கோ, நெட்டி முறிக்கிற சத்தம். டக்... டக்...

போன் அடித்தது. வார்டு நர்ஸ் ஷர்லி.

"ஹஃப்சாக்கா, அழகி ஆத்தா அங்கயா இருக்காங்க? அவங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல பிள்ளை... போயிருச்சுக்கா. அவங்ககிட்ட போனும் இல்ல."

ஹஃப்சா திரும்பினாள். வாசற்படியில் மருதாயி.

"எலும்பு கூடுதா தாயி?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. மெய் சொல்லவும் எழவில்லை. தட்டில் இருந்ததைச் சொன்னாள்.

"கூடுதுக்கா... இருங்க, நானும் கூட வாரேன். தனியாப் போக வேண்டாம்."

"தனியா எங்க தாயி போறேன்?" மருதாயி சிரித்தாள்.

ஹஃப்சா சாவியை எடுத்து வருவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். வாசல் செம்மண் ஈரத்தில் அவள் காலடி. பக்கத்திலேயே... சின்னக் காலடி. ரோடு வரைக்கும் நொண்டியடித்துக்கொண்டே போயிருந்தது.

அவ்வளவும் முறிந்த அந்த இடது கால் தடம்.