ஞாயிற்றுக்கிழமைப் பதிவேடு

ஹாம் ரேடியோக்காரனிடம் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் அவன் முன்பின் தெரியாத வேறு கண்டத்துக்காரனிடம் மழை பெய்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். ராணுவ முகாமில், வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தகர அறையில், இருபத்திரண்டு வருடம் நான் அதைத்தான் செய்தேன். சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பேசும் நிலையம் அது. சம்பளம் கிடையாது; பொறுப்பாளர் என்ற பட்டம் மட்டும் உண்டு. அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

பிடுங்க வந்தவன் என் தங்கை புருஷன். முகாமில் தண்ணீர் லாரி ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்து மைக்கைக் கொடுத்தால் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்த மாதிரி ஊர்வம்பு பேசுவான். எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று, தளபதி உட்பட. அவன் ரேடியோவில் பேச உரிமம் வாங்கியதும் நிலையத்தை அவனிடமே கொடுத்துவிடலாம் என்று என் எதிரிலேயே சொன்னார். நானும் சிரித்தேன். பெருந்தன்மை எனக்குப் பிறவிக்குணம்.

உரிமத் தேர்வுக்கு அனுப்புமுன் நான் ஒரு முன்தேர்வு வைப்பேன். மாப்பிள்ளை மூன்று முறையும் ஒரே கேள்வியில் கோட்டைவிட்டான். உயிருக்கு ஆபத்து என்றால் உரிமம் இல்லாதவர் பேசலாமா? பேசலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனோ ஒவ்வொரு முறையும் கூடாது என்றே எழுதினான். எழுதாமல் என்ன செய்வான்? உரிமம் இல்லாமல் வாயைத் திறக்காதே என்று அவனை உருப்போட வைத்ததே நான்தான்.

அந்த ஞாயிறு மதியம் சர்வதேசப் போட்டி. ரேடியோவில் அதிக நாட்டுக்காரர்களைப் பேசிப் பிடிப்பவருக்குப் பரிசு. மலைமேல் ஆண்டெனாக் கம்பி தளர்ந்திருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு வரும்படி அவனை லாரியோடு அனுப்பியிருந்தேன். மேசையிலிருந்த சின்ன வாக்கி-டாக்கி செட்டில் அவன் குரல் வந்தது.

"மச்சான், லாரி கவுந்துடுச்சு. கால் உள்ள மாட்டிக்கிச்சு, ரத்தம் நிக்கல. யாரையாவது அனுப்புங்க."

"உரிமம் இல்லாதவங்க இதுல பேசக்கூடாது, மாப்ள. மூணு தடவ நீங்களே எழுதினீங்களே."

அவன் எழுதிய விடைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவன் முகாமிலேயே நான் ஒருவன்தான். மறுபடி கூப்பிட்டான். அழுதான். அழுதாலும் கடைசியில் ஒழுங்காக 'ஓவர்' சொன்னான், அதைப் பாராட்டத்தான் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன் இருந்தது. ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் மலையேறிவிடும். மறந்துவிட்டேன், பதறிவிட்டேன் என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். அவன் போய்விட்டால் நிலையம் எனக்கே என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் எனக்கு இன்னும் ஆறு நாடுகள் கிடைத்தன.

இதையெல்லாம் நேரம் போட்டுப் பதிவேட்டில் நீயே ஏன் எழுதிவைத்தாய் என்று, விசாரிக்க வந்த உங்களுக்கு ஒரே ஆச்சரியம். காதில் விழுந்த அழைப்பை எழுதாமல் விடுவது எங்கள் ஆட்களுக்கு வழக்கமில்லை, ஐயா.

நேற்று தங்கை வந்திருந்தாள். சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் கூப்பிட்டது உனக்குச் சரியா கேக்கலையாண்ணா?"

தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி விடுகிறாள் என்று புரியாமல் இல்லை. ஆனால் நான் கட்டிக்காத்த நிலையத்தைப் பற்றி யாரும் அப்படிக் குறைசொல்லிவிடக்கூடாது.

"நம்ம ஸ்டேஷன்ல கேக்காமப் போகுமா?" என்றேன். "பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேட்டுச்சு."