ஒரு சாண் சிவப்பு வயர்

ராத்திரி பதினொன்றே முக்கால் மணி. படகுத்துறைக்குப் போகிற சாலை. விளக்குக் கம்பங்கள் ஏழு இருந்தன, எரிந்தது ஒன்று. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஆள் நடந்துபோனார்... என் நண்பனின் சித்தப்பா ஒருத்தர் டீசல் மெக்கானிக், அவர் வாயால் சொன்ன கதை இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், நான் சத்தம் போட்டுச் சொல்லப் போவதில்லை.

நடந்துபோனவர் படகுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன், மெக்கானிக்கின் கூட்டாளி. எடுக்கப் போனது தன் தங்கை புருஷனின் படகு. அந்த மாப்பிள்ளை கடலோடு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட வர ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. அந்தப் படகில் ஏதோ சத்தம் கேட்கிறதாம்.

மாப்பிள்ளை எப்படிப் போனார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகில் இரண்டு பேட்டரி. ஒன்றாம் நம்பர் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, இரண்டாம் நம்பர் விளக்குக்கும் ரேடியோவுக்கும். நடுவில் ஒரு திருகு சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது குமிழை 'இணைப்பு' என்று எழுதிய இடத்தில் வைத்தால், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும். இன்ஜினை நிறுத்தியதும் '2'க்குத் திருப்ப வேண்டும். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் விளக்கு விடிய விடிய எரிந்தாலும் ஒன்றாம் நம்பர் பத்திரமாக இருக்கும். வீடு திரும்பலாம்.

அந்த சுவிட்ச் உள்ளே கருகிப்போனது. புதுசு வர ஒரு வாரம் ஆகும். எலக்ட்ரீஷியன் என்ன செய்தார்... பின்பக்கமாக ஒரு சாண் சிவப்பு வயரைப் போட்டு இரண்டு பேட்டரியையும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார். குமிழ் திரும்பும், டக் என்று சத்தமும் வரும், உள்ளே ஒன்றும் நடக்காது; விளக்கு எரிந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே தீரும். உள்ளதைச் சொன்னால் கைவேலைக்குக் கெட்ட பெயர் என்று நினைத்து, "சரி பண்ணிட்டேன் மாப்பிள்ளை, தைரியமா போங்க" என்றார்.

மாப்பிள்ளையும் நம்பிப் போனார். எந்நேரமும் கிராம்பு மெல்லுகிற, கட்டிய முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர். மூன்றாம் நாள் படகு மட்டும் கிடைத்தது. பேட்டரி இரண்டும் செத்துக் கிடந்தன. முதலில் ஏறிப் பார்த்தது எலக்ட்ரீஷியன்தான். குமிழ் சரியாக '2'இல் இருந்தது. அவர் சிவப்பு வயரைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். குமிழை 'இணைப்பு'க்குத் திருப்பினார். அதற்கப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டார். "சுவிட்சை மாத்தாமத் தூங்கிட்டாரு போல..."

ஊரே நம்பியது. தங்கையும் நம்பினாள். "என்னையும் பிள்ளையையும் நெனச்சிருந்தா அந்த சுவிட்சைத் திருப்பியிருப்பாரே" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் புருஷன் போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு புது சுவிட்ச் மாட்டி அதே படகை ஓட்ட ஆரம்பித்தார். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். கரை மறைந்ததும் இன்ஜினை நிறுத்தினார். சுவிட்சுக்குக் கை போகும் முன்பே...

டக்.

குமிழ் தானாக '2'க்குத் திரும்பியது. குப்பென்று கிராம்பு வாசனை. அவருக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. குமிழை 'இணைப்பு'க்கே முறுக்கி, கறுப்பு டேப்பால் எட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றினார். மூன்று மணி நேரத்தில் விளக்கு மஞ்சளானது. பிறகு சிவப்பு. பிறகு இருட்டு. சாவியைத் திருப்பினால் ட்ட... ட்ட... அப்புறம் அதுவும் இல்லை.

கரண்ட் இல்லாத ரேடியோ கரகரத்தது.

"மச்சான்... ஒண்ணாம் நம்பர்ல சார்ஜ் இருக்கணுமே... நீங்கதானே சரி பண்ணீங்க..."

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்கிற குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று பின்னால் மெக்கானிக்கிடம் சொன்னார். "சொல்லிடறேன் மாப்பிள்ளை... விடிஞ்சதும் தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

டேப் கிழியும் சத்தம். டக். இன்ஜின் ஓடத் தொடங்கியது.

விடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவர் வாயைத் திறக்கும் முன் அவளே கேட்டாள். "இது என்னண்ணா? கட்டிலுக்கு அடியில, அவரு போட்டோ மேல கெடந்துச்சு." அவள் கையில் ஒரு சாண் சிவப்பு வயர். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. "ஏதோ குப்பைம்மா" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மெக்கானிக்கிடம் மட்டும் அத்தனையையும் கொட்டி அழுதார்.

அன்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத் துறையிலிருந்து அந்த இன்ஜின் சத்தம் கிளம்பியது. மூன்றாம் நாள் படகு மட்டும் கிடைத்தது. இன்ஜின் சில்லிட்டுக் கிடந்தது, விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பேட்டரியிலும் முழுச் சார்ஜ். குமிழ் '2'இல் இருந்தது.

தங்கை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா, எங்கண்ணன் கடைசி வரைக்கும் சுவிட்சை ஒழுங்கா வச்சிருந்தாரு. என்னைக் கட்டுனவரு மாதிரி இல்ல..."

பக்கத்தில்தான் மெக்கானிக் நின்றார். உண்மை தொண்டை வரை வந்ததாம். போனவனைப் பற்றி இனி எதற்கு என்று விழுங்கிவிட்டார்.

போன வாரம் அவர் டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். கிராம்பு வாசனை. ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு சாண் சிவப்பு வயர், ஈரம் சொட்டச் சொட்ட... அதன் ஒரு முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எண்ணிப் பார்த்திருக்கிறார். எட்டுச் சுற்று.