காலரில் எழுதிய எண்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பேருந்தில் முப்பத்தொரு பேர் இருந்தோம். பொழுது போகாமல் இரண்டு முறை எண்ணினேன். முன் இருக்கையில், தொழிலாளர் கேம்ப் லாண்டரியில் வேலை செய்பவர் ஒருவர், தாம் எழுதும் பேய்க்கதையைப் பக்கத்திலிருந்த நண்பருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஸ்காட்லாந்துல ஆத்தோரம் ஒரு பொம்பள துணி துவைப்பாளாம். யாரு சாகப் போறாங்களோ, அவங்க துணியத்தான் துவைப்பாளாம். நம்ம சைட்ல இருக்கற அந்த ஊரு இன்ஜினியர் சொன்னாரு. நான் அவள நம்ம லாண்டரிக்குக் கொண்டாந்துட்டேன்.”

“விசா யாருண்ணே குடுத்தா?”

“கேளுடா. சும்மா ஒரு சட்டைன்னு எழுதுனா படிக்கிறவனுக்குப் பயம் வராது. யாரு சட்டைன்னு தெரியணும். அதான், மாறிப் போகாம இருக்கக் காலர்ல நம்பர் எழுதுவோமே, அதப் போட்டேன். இருநூத்திப் பதினாலு.”

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது என் நம்பருண்ணே. வியாழக்கிழமை லீவுல ஊருக்குப் போறேன். மூணு வருசம் கழிச்சு.”

“கைப் பழக்கத்துல வந்துடுச்சுடா. என் நம்பரப் போட்டுக்கறேன்.”

“உங்களுக்கு மட்டும் புள்ளகுட்டி இல்லையா? ஆளில்லாத நம்பராப் போடுங்க.”

இரண்டு நிறுத்தங்கள் தாண்டும்வரை லாண்டரிக்காரர் ஒவ்வொரு நம்பராக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அப்படி நம்பரே இல்லடா. எல்லாத்துலயும் ஒருத்தன் இருக்கான்.”

பிறகு கைப்பேசியில் கடைசிப் பத்தியை அழித்துவிட்டு, புதிதாகத் தட்டியதைச் சொன்னார்.

“அவளே சட்டைய அலசி, தேச்சு, மடிச்சு உன் கையில குடுத்துடறா. நீ போட்டுக்கிட்டு ஊருக்குப் போற.”

“அதுல பயம் எங்கண்ணே?”

“பயம் கெடக்குது, போ.”