ஈரலில் தெரிந்த பச்சை

எந்த எலியை எடுத்துப் பார்த்தாலும் ஈரல்தான் பச்சையாக ஒளிர்ந்தது. அது எதனால் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

லிப்போசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய குமிழி, ஐயா. உள்ளே மருந்தை அடைத்து ரத்தத்தில் விட்டால், சேர வேண்டிய இடத்துக்குச் சுமந்து போகும். போகும் வழி தெரிய, அதன் உறையில் ஒளிரும் சாயம் சேர்ப்போம். பச்சை தெரிகிற இடத்தில் மருந்து இருக்கிறது என்று எங்கள் இயக்குநர் முடிவு கட்டி, பச்சை ஈரலின் படத்தைச் சட்டம் போட்டும் மாட்டிவிட்டார். குமிழி வழியிலேயே உடைந்து, மருந்து கொட்டிப்போய், வெறும் உறை ஈரலில் ஒதுங்கினாலும் இதே பச்சைதான் தெரியும். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று நம்புகிற மூளை அது.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன், சோதித்துக் காட்ட எலி கேட்டேன். "எலியை வீணாக்காதேப்பா. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்," என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் ஓர் எலிகூடக் கிடைக்காது.

மாமாவுக்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மனைவியின் அப்பா. நிமோனியாவிலிருந்து தேறி, எங்கள் வீட்டில் செய்தித்தாளும் மாத்திரையுமாக இருந்தார். தெம்புக்கு ஊசி என்றதும் கையை நீட்டினார்.

"என்ன மாப்ளே, எலிக்குப் போட்டது போக மிச்சமா?"

"எலிக்கு இவ்வளவு நல்ல மருந்து யாரு தருவா மாமா?"

சிரித்தார். சற்று நேரத்தில் முகம் சிவந்து மூச்சு இரைத்தது. இவ்வகை ஊசியில் சிலருக்கு அப்படி வரும்; மறுமுறை போடவே கூடாது, போட்டாலும் மெதுவாக ஏற்ற வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் எலிக்கு இரண்டு ஊசி, அதுவும் ஒரே மூச்சில்தான் ஏற்றுவோம். ஒப்பிட வேண்டுமானால் முறை ஒன்றாக இருக்க வேண்டாமா? இரண்டாவது ஊசியை அப்படியே ஏற்றினேன். நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். மறுக்கவில்லை; சொல்தான் கொஞ்சம் பருமனாக இருக்கிறது.

"அப்பாவை எதுக்குங்க அறுக்கணும்?" என்று மனைவி அழுதாள்.

"என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?" என்றேன். அதில் பொய் இல்லை. பிணவறை மருத்துவர் என் பள்ளித் தோழன்; இதயம் நின்றது என்று எழுதிவிட்டு, கேட்டதற்குக் கட்டைவிரல் அளவு ஈரலும் தந்தான்.

நுண்ணோக்கியில் பச்சை மட்டும் தெரிந்தது. மருந்துக்குப் பதிலாக உள்ளே நான் அடைத்திருந்த சிவப்புச் சாயம் ஒரு பொட்டுகூட இல்லை. அத்தனையும் காலி உறைகள். இயக்குநரிடம் காட்டினேன். "எந்த எலி?" என்றார். "கொஞ்சம் பெரிய எலி சார்," என்றேன். மனித ஈரலைக்கூட அடையாளம் தெரியாத மனிதர், முகம் தொங்க, அப்போதே எனக்கு எலிகள் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எலியிலும் அதே விடைதான் வந்தது. ஆக, முறை எளிது: உறைக்கு ஒரு நிறம், உள்ளிருப்பதற்கு வேறு நிறம். இரண்டு எலி போதும்.