மணவறைக்கு வந்த வானத்துக் கேமரா

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கலையரசன் அய்யா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மலைக்குத் திரும்பும் பேருந்தை நினைத்தபடியே என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! சங்கராபுரத்துத் தமிழாசிரியை இலக்கியாவின் வணக்கம்.

வான்படக் கண்காட்சியைத் திறக்க என்னை ஏன் அழைத்தார்கள்? வானியல் படித்தவளா நான்? இல்லை. படம் பிடிப்பவளா? அதுவும் இல்லை. இப்படங்களை எடுத்த ஜுனைத், என் கல்யாணப் படத்தைக் கெடுத்தவர் என்று கள்ளக்குறிச்சி முழுக்கப் பேச்சு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

கேமராவுக்குள் ஒரு தடுப்புக் கண்ணாடி உண்டு. நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பையும் புற ஊதாவையும் அது உள்ளே விடாது. ஜுனைத் தம் இரண்டு கேமராக்களில் ஒன்றில் அதைக் கழற்றிவிட்டார். எதற்கு? விண்ணில் விரிந்த செம்மேகம் விளங்க வேண்டும். வெள்ளிக் கோளின் வெண்மைக்குள் ஒளிந்த வரிகள் வெளிப்பட வேண்டும்! இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அடையாளத்துக்கு, வானத்துக் கேமராவின் தலையில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார்.

வடக்கனந்தலில் என் திருமணம். படம் எடுக்க வந்த ஜுனைத், முடிந்ததும் வானத்தைப் பிடிக்கக் கல்வராயன் மலைக்குப் போகலாமென்று இரண்டையும் கொண்டுவந்திருந்தார். என் தாயார் பாப்பாத்தி பார்த்தார். நல்ல காரியமாயிற்றே! இரண்டின் தலையிலும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்துவிட்டார். சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டிலும் வைப்பீர்கள். முகூர்த்த அவசரத்தில் பொட்டைப் பார்ப்பதா, பெண்ணைப் பார்ப்பதா? வானத்துக் கேமராவே அவர் கைக்கு வந்துவிட்டது.

படம் வந்தது. வாசல் வாழை இளஞ்சிவப்பு. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு கத்தரிக்காய் நிறம். என் தந்தை ராஜாங்கம் கொதித்தார்.

"இன்னாப்பா இது? தாலிய இன்னொரு வாட்டி கட்டச் சொல்றதா? ஊரே சிரிச்சிக்கினு இருக்குது!"

"தப்புதாங்க. சரி பண்ணிப் பாத்தேன், இதுக்கு மேல வரலீங்க. அந்தக் கண்ணாடிய திரும்ப மாட்டிடறேன். வானமே வேணாங்க எனக்கு."

அதற்குள் வேறு கல்யாண வீட்டார் அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள். பிழைப்பும் போயிற்று, பிடித்ததும் போகப் பார்த்தது. அப்போது என் தாயார் சமையலறையிலிருந்து வந்தார்.

"பொட்டு வச்சது நானு. அந்தப் புள்ளய இன்னாத்துக்கு வையறீங்க?"

தந்தை, ஜுனைத் முன்பு காட்டியிருந்த வெள்ளிக் கோளின் படத்தை நினைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "கண்ணாடிய மாட்டிட்டா அந்த வெள்ளி படம் வராதா?"

"வராதுங்க."

"அப்ப மாட்டாத."

அவையோரே! கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒளி இல்லையென்று ஆகுமா? கறுப்பென்று நாம் கண்டதெல்லாம் கறுப்பாகிவிடுமா? ஒரு கோட்டின் நிறம் பிசகியதற்காக ஒரு மனிதனின் வானத்தைப் பிடுங்குவதா? அந்தப் படத்தில் நிறம்தான் பொய். எங்கள் முகத்து மகிழ்ச்சி மெய்!

அவரை வேண்டாமென்ற வீட்டாரும் இங்கே இருக்கலாம். கேளுங்கள். தை மாதம் என் தங்கை சந்தியாவின் திருமணம். படம் எடுப்பவர் ஜுனைத்!

என்ன அண்ணே, எந்தக் கேமராவிலா? அதோ, என் தந்தையே எழுந்துவிட்டார்.

"ரெண்டையும் எடுத்துக்கினு வரச் சொல்லும்மா!"

கேட்டீர்கள் அல்லவா? பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. கதவு திறக்கிறது, உள்ளே வந்து பாருங்கள். வணக்கம்!