ஸ்கூட்டி இல்லாத கிராமம்

ஜெரோம்: அக்கா, ப்ளீஸ்... அந்த ஸ்கூட்டியை மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க.

கோகிலவாணி: ஏன் ஜெரோம் சார், ஸ்கூட்டி இன்னா பாவம் பண்ணுச்சு?

ஜெரோம்: நாவலூர் கம்பெனி மேடம் கிளம்பிட்டாங்க. எங்க தொண்டு நிறுவனம் மூலமா நம்ம மலைக்கு வேலி போட்டவங்க, மரக்கன்னு வாங்கிக் குடுத்தவங்க. 'கிராமப்புறக் குடும்பங்கள் வளர்க்கும் காடு'ன்னு திட்டத்துக்குப் பேரே வெச்சிருக்காங்க. கிராமப்புறக் குடும்பம் ஸ்கூட்டியில சுத்துமா?

துளசிங்கம்: சுத்தும் தம்பி. நீதான் கிராமத்தைப் பாத்ததில்ல.

கோகிலவாணி: பார்லரையும் மூடச் சொன்னாரு அண்ணா. இன்னிக்கு முகூர்த்த நாளு. ரெண்டு பொண்ணுங்க மேக்கப்புக்கு வந்து திரும்பிப் போச்சுங்க.

துளசிங்கம்: அடப் பேஜாரே! தாம்பரம் மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டிக்கினு கீறேன் நானு...

ஜெரோம்: ஐயோ அண்ணா, அதை அவங்க முன்னாடி சொல்லிடாதீங்க!

துளசிங்கம்: சரி... என் மாடியில ஐ.டி. பசங்க வாடகைக்குக் கீறானுங்களே, அவனுங்கள இன்னா பண்றது? கோவணம் கட்டி வுடட்டா?

ஜெரோம்: அவங்களை சினிமாவுக்கு அனுப்பிட்டேன்.

கோகிலவாணி: அண்ணா, நீ மொதல்ல அந்தக் கூலிங் கிளாஸைக் கழட்டு.

துளசிங்கம்: கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினேன்மா. டாக்டரு கழட்டக் கூடாதுன்னாரு.

கோகிலவாணி: அது போன தீபாவளிக்கு!

ஜெரோம்: விளையாடாதீங்க... வெயில் ஆரம்பிச்சிடுச்சு. கோடை முழுக்கக் கன்னுங்களுக்குத் தண்ணி லாரி வரணும்னா மேடம் தலையாட்டணும். போன வருஷம் லாரி நின்னப்ப என்ன ஆச்சு?

துளசிங்கம்: அதைப் பேசாத தம்பி.

ஜெரோம்: இல்லண்ணா, சொல்றேன்...

துளசிங்கம்: பேசாதன்னேன்ல... நான் நட்ட உசில மரக்கன்னு... கண்ணு முன்னாடியே கருகிப் பூட்ச்சு.

கோகிலவாணி: அன்னிக்கு அழுதாரு சார் இவரு. அப்புறம் தூசி பட்டுச்சுன்னு சமாளிச்சாரு.

துளசிங்கம்: தூசிதான்!

கோகிலவாணி: சரி சரி, தூசிதான்... சார், ஞாயித்துக்கெழம கிளாஸ்ல பசங்களுக்குப் பனிக்கரடி பத்திப் பாடம் எடுத்தீங்களே, அது இன்னிக்கும் உண்டா? எம்பையன் கேக்குறான், அந்தக் கரடிக்கும் லாரித் தண்ணிதானான்னு.

ஜெரோம்: பாடம் மேலிடத்துலேர்ந்து வருதுக்கா. நான் படிச்சுக் காட்டறேன், அவ்ளோதான்... ஐயோ, கார் வந்திடுச்சு! அண்ணா, கண்ணாடி!

துளசிங்கம்: கழட்டிட்டேன், கழட்டிட்டேன்... எல்லாம் மங்கலா கீது.

ஜெரோம்: வாங்க கிறிஸ்டி மேடம்! இவங்க கோகிலவாணி, மகளிர் குழுத் தலைவி. இவர் துளசிங்கம்... ஏழை விவசாயி.

துளசிங்கம்: யாரு?

ஜெரோம்: நீங்கதாண்ணா!

கிறிஸ்டி: வணக்கம், வணக்கம். அடடா, எவ்வளவு அமைதியா இருக்கு! அம்மா, பொழைப்புக்கு என்ன பண்றீங்க?

கோகிலவாணி: பார்ல... பாரம்! பாரம் தூக்கறேன் மேடம். வெறகு. மலைக்குப் போய்ப் பொறுக்கிக்கினு வந்து...

கிறிஸ்டி: அச்சச்சோ. நீங்களே வெறகு எடுத்தா காடு எப்படிம்மா வளரும்? ஆனா உங்களைச் சொல்லித் தப்பில்ல. அதனாலதான் ஒரு சர்ப்ரைஸ் கொண்டு வந்திருக்கேன். மாற்று வாழ்வாதாரம்!

ஜெரோம்: அப்படின்னா... மேடம்?

கிறிஸ்டி: ஆடு! வீட்டுக்கு ஒரு ஜோடி வெள்ளாடு. வண்டி பின்னாடியே வருது.

துளசிங்கம்: வெள்...

கோகிலவாணி: சார்... இன்னா சார் இது?

ஜெரோம்: மேடம், நாங்க கேட்டது தண்ணி லாரி...

கிறிஸ்டி: அதுக்கு வெச்சிருந்த பணத்தைத்தான் ஆடா மாத்தியிருக்கோம். சந்தோஷம்தானே? கை தட்டலாமே... ஏன் யாருமே தட்டல?

துளசிங்கம்: கோகிலா, என் கண்ணாடியைக் குடு.

ஜெரோம்: அண்ணா, வேணாம்...

துளசிங்கம்: சும்மா இரு தம்பி. மேடம், நான் விவசாயியும் இல்ல, ஏழையும் இல்ல. மூணு மாடி வூடு கீது எனக்கு. வாடகை வாங்கிக்கினு குந்திக்கினு இருந்தவன். பொண்டாட்டி பூட்டப்புறம் பேசறதுக்கு ஆளு இல்ல. காலையில கேனைத் தூக்கிக்கினு அந்தக் கன்னுங்களாண்ட போனாத்தான் எனக்குப் பொழுது வெடியுது. வெள்ளாடு வந்துச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது மேடம். துளிரு, பட்டை, எல்லாத்தையும் துன்னுட்டுப் பூடும். வேணாம்... உங்க கால்ல வேணா வுழறேன்.

கிறிஸ்டி: ஐயோ, எழுந்திருங்க...

கோகிலவாணி: நானும் சொல்லிடறேன் மேடம். அதோ, துணி போட்டு மூடியிருக்கே, அது என் பியூட்டி பார்லர் போர்டு. எங்க வூட்ல கேஸ் அடுப்புதான். எம்பையனுக்கு இழுப்பு. மலையடிவாரத்துல குப்பையைக் கொட்டிக் கொட்டிக் கொளுத்துவாங்க. நைட்டெல்லாம் புள்ள மூச்சுக்குத் தவிப்பான். கன்னு நட்டு வேலி போட்டப்புறம் எவனும் கொட்டறதில்ல. இப்ப தூங்கறான். அதுக்குத்தான் பார்லரைப் பூட்டிட்டுக் குழி வெட்டினேன். வெறகுக்கு இல்ல.

ஜெரோம்: தப்பு என்னுது மேடம். நான்தான் நடிக்கச் சொன்னேன். கிராமம் இல்லேன்னா உங்க கம்பெனி குடுக்காதுன்னு...

கிறிஸ்டி: ஆட்டு வண்டி டிரைவருக்குப் போன் போடுங்க. திரும்பிப் போகச் சொல்லுங்க... இல்ல, இருங்க. வரட்டும். ஒரே ஒரு ஆட்டை இறக்கி, ஒரு போட்டோ எடுத்துட்டு அனுப்பிடலாம். கையில ஒண்ணும் இல்லாம நான் ஆபீசுக்குப் போக முடியாது.

துளசிங்கம்: கயிறு என் கையிலதான் இருக்கணும். வாயைக் கட்டிட்டுத்தான் இறக்குவேன்.

கிறிஸ்டி: சரிங்க. தண்ணி லாரிக்கு நானே பேசறேன். மழை வர்ற வரைக்கும் வரும்.

கோகிலவாணி: மேடம்... இவ்ளோ பொய் சொல்லியிருக்கோம். உங்களுக்குக் கோவமே வரலியா?

கிறிஸ்டி: எந்த வாயாலம்மா கோவப்படறது? ஸ்கூல் விடற நேரத்துக்குப் போய் எம்பொண்ணைக் கூட்டிட்டு வரணும். அதுக்குத் தோதா பக்கத்துலயே ஒரு கிராமம் எனக்கும் வேண்டியிருந்துச்சு... போட்டோவுல பின்னாடி தெரியற அந்த அபார்ட்மெண்ட் மட்டும் விழாம பாத்துக்கோங்க. எங்க ஆபீசைப் பொறுத்தவரைக்கும் இந்த ஊரு எங்கயோ தூரத்துல, ஜவ்வாது மலையில இருக்கு.