இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

முதல் பதிப்பில் இரைச்சல் அதிகம் என்று நீங்கள் எழுதியிருந்தது நியாயம்தான். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், இரண்டு பக்கமும். எங்கள் ராக் குழு போட்டது அந்த ஒரே இசைத்தட்டு. அதை விரும்புகிறவர்கள் அச்சடித்த ஆலையை நாற்பத்தொரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், ஆலைக்காரர்கள் மேல் தப்பில்லை. விற்காமல் திரும்பிய வேறு தட்டுகளை அரைத்து அந்தச் சரக்கிலேயே அடியுங்கள் என்று சொன்னவன் நான். ஒலிப்பதிவு செய்தவனே மட்டமான சரக்கைக் கேட்கிறானே என்று மேலாளர் சிரித்தார்.

உங்கள் மறுபதிப்பின் உறையில் போட, பதிவு நடந்த விதம் பற்றி ஒரு பக்கம் கேட்டீர்கள். இதுதான் அது.

பாடியவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். தங்கமான மனிதர், ஆனால் எதையும் முடிக்க விடமாட்டார். தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகச் சேர்க்கிற கலவை அந்தக் காலத்தில் கையால் செய்கிற வேலை. பாட்டு ஓட ஓட, பலகையிலுள்ள பிடிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று பிசகினால் முதலிலிருந்து. கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடம். பன்னிரண்டு தடவை முடிவு வரை கொண்டுபோனேன். பன்னிரண்டு தடவையும் மச்சான் என் கைமேல் கைவைத்து நிறுத்தினார்.

"எல்லாம் சரிதான் மாப்ள, உயிர் இல்லையே" என்பார்.

எதிரொலிக்கு இப்போதிருக்கிற பெட்டிகள் அன்று கிடையாது. கீழ்த்தளத்தில் ஒரு வெற்று அறை வைத்திருந்தோம். ஒரு மூலையில் ஒலிபெருக்கி, எதிர் மூலையில் மைக். மேலிருந்து பாட்டை அங்கே அனுப்பினால், சுவரில் பட்டுத் திரும்புவது மைக் வழியாக என் பலகைக்கு வரும். சுவர் வழவழப்பாக இருந்தால் எதிரொலி நீளும் என்று அன்று காலையில்தான் வார்னிஷ் அடித்திருந்தார்கள். அடிப்பதற்காகக் கதவின் உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை.

பன்னிரண்டாவதும் போன பிறகு, மைக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வருகிறேன் என்று மச்சான் கீழே போனார். நான் முகம் கழுவப் போனேன். திரும்பும்போது அந்த அறைக்கதவு சாத்தாமல் ஒரு வார்னிஷ் டின் முட்டுக்கொடுத்து நின்றது. கதவு திறந்திருந்தால் தெருச் சத்தம் பாட்டில் விழும். டின்னைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, நாற்றம் தாங்கவில்லை. மச்சான் மேலே போயிருப்பார் என்று நினைத்தேன். மேலே அவர் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்துக்கொள்வதற்கு ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது.

டேப்பை ஓடவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை. கை தானாகப் போயிற்று. பாட்டில் ஏழு நிமிடம் வரைக்கும் டிரம்ஸ் அடி பின்னும். அதற்குப் பிறகு கிட்டார் மட்டும் தனியாக இழையும். அங்கேதான் எதிரொலியோடு தட்டுகிற சத்தமும் வந்தது.

"மாப்ள, கதவத் திற."

மச்சானுக்கு இழுப்பு உண்டு. குரலில் அது தெரிந்தது. ஆனால் எனக்கிருப்பது இரண்டு கைதானே. இரண்டும் பலகையில் இருந்தன. எடுத்தால் பதின்மூன்றாவதும் போச்சு. இன்னும் இரண்டே நிமிடம். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

முடிந்ததும் டேப்பைத் திருப்பி ஒருமுறை முழுதாகக் கேட்டேன். மச்சான் தேடிய உயிர் அதில் வந்திருந்தது. பிறகு கீழே போனேன். கதவு சுலபத்தில் திறக்கவில்லை, அவர் அதன்மேல் சாய்ந்து கிடந்தார்.

நான் டீ குடிக்கப் போயிருந்தேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். "நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்" என்று என் மனைவிதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன். டேப்பில் இரண்டு கூப்பாடு விழுந்திருந்தது. அழித்தால் கிட்டாரும் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரைச்சலில் மறைக்க முடிந்தது.

பரணில் கிடந்த டேப்பை, அண்ணன் பாட்டு நாலு பேர் காதில் விழட்டும் என்று அவள்தான் உங்களிடம் கொடுத்தாள். முடிவை மட்டும் வெட்டச் சொல்லி உங்களுக்குப் போன் செய்தேன், நினைவிருக்கும்.

"டேப்ல இருக்கறத அப்படியே தர்றவங்க சார் நாங்க. கூட்டறதும் இல்ல, குறைக்கறதும் இல்ல" என்றீர்கள்.

உங்கள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீங்கள் அனுப்பிய மாதிரித் தட்டில் பொட்டு இரைச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அதைத்தான் போட்டுக் கேட்கிறாள்.

"கடைசியில அண்ணன் யாரையோ கூப்பிடறார், கேட்டீங்களா?"

"பாட்டுதான்."

"இல்லங்க. மாப்ளன்னு கேக்குது."

ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கிறாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மாப்ள என்று கூப்பிட்டது உலகத்தில் என் ஒருவனைத்தான். அது அவளுக்கும் தெரியும். இன்று காலை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க அப்ப டீ குடிக்கத்தானே போயிருந்தீங்க?"

தலையாட்டினேன். அவள் மறுபடி ஊசியை வைத்தாள்.

இரண்டு கையும் பலகையில் இருந்தன என்று எழுதினேன். அது பொய்யில்லை. வலது கை கிட்டாரைப் பார்த்துக்கொண்டது. இடது கை எதிரொலியின் பிடியில் இருந்தது, அதற்கு வேறு வேலை இல்லை. மூன்றாவது முறை மச்சான் கூப்பிட ஆரம்பித்தபோது அதை மெதுவாக இறக்கிப் பூஜ்யத்தில் வைத்தேன். அதற்கப்புறம் அவர் எத்தனை முறை கூப்பிட்டார் என்று எனக்கும் தெரியாது. அவள் எத்தனை தடவை போட்டாலும் இரண்டுக்கு மேல் கேட்காது. அந்த இறக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு பதமாக வந்திருக்கிறது. உறையில் இடம் போதாவிட்டால் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள். பதின்மூன்றாவது கலவையை யாரும் கைவைக்காமல் நான் ஒருவனே செய்து முடித்தேன் என்பது மட்டும் இருக்கட்டும்.